திரும்பும் தேதி இரண்டு முறை தள்ளிப்போனபோது: ஒரு கடற்படைக் குடும்பம் பற்றிய நிகழ்வு ஆய்வு

இந்தத் தம்பதி தங்கள் அனுபவத்தை எழுதச் சம்மதம் தந்தவர்கள். எந்த நாடு, எந்தக் கப்பல் என்பதை விட்டுவிட்டேன். அவர்களை அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். அவர்கள் குடியிருந்த கடற்படைத் தளத்தில் குடும்ப நல ஆலோசகராக இருந்ததால் கரையில் நடந்தவை எனக்கு நேரடியாகத் தெரியும். கப்பலில் நடந்தவற்றைக் கணவரும், கப்பலின் மருத்துவ உதவியாளரும், கேப்டனுக்கு அடுத்த நிலையில் இருந்த அதிகாரியும் பின்னர் தனித்தனியாகச் சொன்னார்கள். மூவர் சொன்னதும் பெரும்பாலும் ஒத்துப்போனது.

பின்னணி

கணவருக்கு 36 வயது. ஃபிரிகேட் ரகப் போர்க்கப்பலின் என்ஜின் அறையில் மூத்த மாலுமி. மனைவி வீட்டிலிருந்தபடியே ஒரு நிறுவனத்துக்குக் கணக்கு வழக்கு பார்ப்பவர். மகளுக்கு 9 வயது, மகனுக்கு இரண்டரை. கல்யாணமான பிறகு அவர் போகும் மூன்றாவது நீண்ட பயணம் இது. முந்தைய இரண்டிலும் சொன்ன தேதிக்குக் கப்பல் திரும்பிவிட்டது.

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. எங்கள் அலுவலகப் பட்டியலில் இந்தக் குடும்பம் 'அனுபவம் உள்ளவர்கள்' என்ற பிரிவில் இருந்தது. புதிதாகக் கல்யாணமானவர்களுக்கும், முதல் பிள்ளையை எதிர்பார்த்திருப்பவர்களுக்கும்தான் மாதாமாதம் போன் போகும். பழகியவர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டிருந்தோம். இவர்களுக்குப் பழகியிருந்தது குறித்த நாளில் முடிகிற பிரிவு. முடியும் நாள் தெரியாத பிரிவு இவர்களுக்கும் புதிதுதான்.

பயணம் 6 மாதம் என்று அறிவிக்கப்பட்டது. 1980-களின் நடுவில் அமெரிக்கக் கடற்படை ஒரு பயணத்துக்கு 6 மாதம் என்று வரம்பு வைத்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளின் நீண்ட பயணங்களால் அனுபவமுள்ள ஆட்கள் வேலையை விட்டுப் போனது அதற்கு ஒரு முக்கியக் காரணம். குடும்பங்கள் மனதில் போட்டு வைத்திருக்கும் கணக்கும் ஏறக்குறைய அதுதான். ஆனால் 2019 ஏப்ரலில் கிளம்பிய யுஎஸ்எஸ் ஆபிரகாம் லிங்கன் 295 நாள் கழித்து 2020 ஜனவரியில்தான் கரை சேர்ந்தது. யுஎஸ்எஸ் நிமிட்ஸ் மாலுமிகள், கொரோனா தனிமைப்படுத்தலையும் சேர்த்து, 2020–21-இல் சுமார் 11 மாதம் வீட்டைப் பார்க்கவில்லை. 2023 மே மாதம் கிளம்பிய யுஎஸ்எஸ் ஜெரால்டு ஆர். ஃபோர்டு, காசா போர் தொடங்கிய பிறகு, திரும்பும் தேதி மூன்று முறை தள்ளிப்போய் 2024 ஜனவரியில் வந்தது.

போர் மட்டுமே காரணம் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு கப்பல் வீடு திரும்ப வேண்டுமென்றால் அதன் இடத்துக்கு இன்னொன்று வந்தாக வேண்டும். அந்த இன்னொன்று பட்டறையில் நின்றுகொண்டிருந்தால் கடலில் இருப்பது கடலிலேயே இருக்க வேண்டியதுதான். பிரிட்டனிடம் அணு ஏவுகணை நீர்மூழ்கிகள் நான்கே நான்கு. 1969 முதல் எந்நேரமும் ஒன்றாவது ரோந்தில் இருக்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. அவற்றில் ஒன்றான வான்கார்டு 2015-இல் பெரிய பழுதுபார்ப்புக்குப் போனது. திரும்பி வர 7 ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. மீதி மூன்றின் மாலுமிகள் அந்தச் சுமையையும் தூக்கினார்கள். இப்போது அங்கே ஒரு ரோந்து 6 மாதத்தைத் தாண்டுவது சாதாரணமாகிவிட்டது. எங்கள் நிகழ்விலும் இதே கதைதான். மாற்றாக வரவேண்டிய கப்பல் சோதனை ஓட்டத்தில் பழுதாகி மறுபடி பட்டறைக்குப் போனது.

கிளம்புவதற்கு முந்தைய வாரங்கள்

கடற்படைக் குடும்பங்களின் பிரிவு எந்தெந்தக் கட்டங்களாக நடக்கிறது என்பதை கேத்லீன் வெஸ்டல் லோகன் 1987-இல் ஏழு நிலைகளாக வகுத்து எழுதினார். பிரியப்போகிறோம் என்ற பதற்றம் முதல் நிலை. கிளம்பும் நாட்களில் ஒருவரையொருவர் தள்ளி வைத்துக்கொள்வது இரண்டாவது. இந்த வீட்டிலும் அப்படியே நடந்தது. கடைசி வாரத்தில் குழாய் ஒழுகுவதைப் பற்றி ஆரம்பித்த பேச்சு பெரிய சண்டையாகி, இரண்டு நாள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. இப்படிப்பட்ட சண்டையை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். கோபமாக இருந்தால் பிரிவது கொஞ்சம் சுலபம், அவ்வளவுதான்.

தளத்தில் ஒரு மாலை நேரக் கூட்டம் நடந்தது. காப்பீடு, உயில், அவசர எண்கள், வங்கிக் கையெழுத்து அதிகாரம் எல்லாம் பேசப்பட்டன. பயணம் நீண்டால் என்ன செய்வது என்ற பேச்சு எழவில்லை. வீட்டில் மோசமாக ஏதாவது நடந்தால் கப்பலுக்குச் சொல்லலாமா, யார் சொல்வது, எப்போது சொல்வது என்பதையும் யாரும் பேசவில்லை. பின்னால் வந்த சிக்கல்கள் இந்த இரண்டு இடங்களில்தான் முளைத்தன.

முதல் நான்கு மாதங்களில் சொல்லும்படியான பிரச்சினை இல்லை. மனைவி வேலையையும் வீட்டையும் ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவந்திருந்தார். மகள் ராத்திரியில் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்க்கும் வேலையைத் தானாகவே எடுத்துக்கொண்டாள். மகனுக்கு 'அப்பா' என்றால் கைப்பேசி. மணி அடித்தால் "அப்பா" என்று ஓடி வருவான். திரையில் முகம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் கைப்பேசியை முத்தமிடுவான். அப்போது எல்லாரும் சிரித்தோம், நானும்தான்.

முதல் நீட்டிப்பு

ஐந்தாவது மாதத்தில், மனைவிமார்கள் தங்களுக்குள் வைத்திருந்த கைப்பேசிக் குழுவில் ஒருவர் எழுதினார்: 'இன்னும் 2 மாசமாம், உங்களுக்குத் தெரியுமா?' இவர் உடனே கணவருக்குச் செய்தி அனுப்பினார். பதில் இல்லை. கப்பலின் இருப்பிடம் வெளியே தெரியக்கூடாத நேரங்களில் இணையத்தையும் போனையும் மொத்தமாக மூடிவிடுவார்கள். அந்த வாரம் அப்படி மூடியிருந்தார்கள். அது இவருக்குத் தெரியாது. கணவருக்கு ஏற்கெனவே விஷயம் தெரியும், சொல்லப் பயந்து பதில் போடாமல் இருக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டார். அதிகாரப்பூர்வமான கடிதம் வந்தது அதற்கு ஐந்து நாள் கழித்து. கணவருக்கே அதற்கு முந்தைய நாள்தான் சொல்லியிருந்தார்கள்.

அந்த வாரம்தான் மனைவி முதல்முறையாக என் அறைக்கு வந்தார். அழவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. "இனிமே எனக்குத் தேதியே சொல்லாதீங்க. நம்பிட்டு ஏமாற என்னால முடியலை" என்றார். மகளின் பள்ளி விழாவுக்கு அப்பா வந்துவிடுவார் என்று சொல்லியிருந்ததை இப்போது எப்படி மாற்றிச் சொல்வது என்பதுதான் அவருக்கு அப்போது இருந்த பெரிய கவலை. தூக்கம் குறைந்திருந்தது. அலுவலகக் கணக்கில் இரண்டு முறை தவறு வந்ததாகவும் சொன்னார்.

ஆளும் இருக்கிறார், வீட்டிலும் இல்லை என்ற நிலையைப் பற்றி அமெரிக்க உளவியலாளர் பாலின் பாஸ் 1970-களிலிருந்து ஆராய்ந்து எழுதியிருக்கிறார். வியட்நாம் போரில் காணாமல் போன விமானிகளின் குடும்பங்களோடு தொடங்கிய ஆய்வு அது. துக்கப்பட்டு முடிக்கவும் வழியில்லை, நிம்மதியாகக் காத்திருக்கவும் வழியில்லை என்ற நிலை ஒரு குடும்பத்தை எப்படி அரிக்கும் என்பதை அவர் எழுத்தில் படித்திருந்தேன். காணாமல் போனவர்களின் வேதனையோடு இதை ஒப்பிட முடியாது. ஆனால் தேதி ஒன்று இருக்கும்வரை இந்த வீட்டில் எல்லாரும் காத்திருந்தார்கள். தேதி போனதும் மெல்ல மெல்ல அவர் இல்லாமலே ஏற்பாடுகள் செய்ய ஆரம்பித்தார்கள். மகள் அப்பாவோடு பேசும் நேரத்தில் குளிக்கப் போய்விடுவாள். அதை அடம் என்று மனைவி சொன்னார். எனக்கு அது தற்காப்பாகப் பட்டது.

அப்போது நான் எடுத்த முடிவு: மனநல மருத்துவரிடம் அனுப்பவில்லை. அவர் சாப்பிட்டார், வேலை செய்தார், பிள்ளைகளைக் கவனித்தார். தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்று நேரடியாகவே கேட்டேன், இல்லை என்றார். இது நோய் இல்லை, சரியான தகவல் இல்லாததால் வந்த அவதி. எனவே இரண்டு ஏற்பாடு செய்தோம். வாரம் ஒரு நாள், செய்தி இருந்தாலும் இல்லாவிட்டாலும், எங்கள் அலுவலகத்திலிருந்து அவருக்குப் போன் போகும். இணையம் மூடப்படும்போது 'கப்பல் நலமாக இருக்கிறது, தொடர்பு மட்டும் நிறுத்தப்பட்டுள்ளது' என்ற ஒரு வரிச் செய்தியைக் குடும்பங்களுக்கு அனுப்பக் கப்பல் தரப்பு ஒப்புக்கொண்டது.

மகனின் காய்ச்சல்

ஏழாவது மாதம் இரண்டாவது நீட்டிப்பு வந்தது. அடுத்த வாரமே மகனுக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்துவிட்டது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் 100-க்கு 2 முதல் 5 பேருக்கு இப்படி வருவதுண்டு. பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குள் தானாக நின்றுவிடும், பின்விளைவும் இருக்காது. அதையெல்லாம் மருத்துவர் சொன்னது அப்புறம்தான். கண் செருகிக் கை கால் வெட்டி இழுக்கும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்த அந்த நிமிடங்களில் அந்த அம்மாவுக்கு எதுவும் தெரியாது. ஆம்புலன்ஸுக்கு முகவரி சொன்னது 9 வயது மகள்.

இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். மனைவி கணவருக்குச் சொல்லவில்லை. "அங்க இருந்து அவரால என்ன செய்ய முடியும்? ராத்திரி என்ஜின் பக்கத்துல நிக்கிறவர்" என்றார். அன்பினால் செய்ததுதான். கணவரும் தன் பக்கத்தில் அதையே செய்துகொண்டிருந்தார்: நாலு மணி நேரம்கூடத் தூங்காமல் இருந்தும் போனில் "நல்லா இருக்கேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் காப்பாற்றுவதாக நினைத்து, மாதக்கணக்கில் உண்மையான ஒரு வார்த்தை பேசாமல் இருந்திருக்கிறார்கள்.

பத்து நாள் கழித்து, கப்பல் உணவுக்கூடத்தில் உடன் வேலை பார்ப்பவர் "பையனுக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார். அவருடைய மனைவி அவருக்குச் சொல்லியிருந்தார். தன் மகன் ஆஸ்பத்திரியில் கிடந்தது கப்பலில் மற்றவர்களுக்குத் தெரிந்து தனக்குத் தெரியாமல் இருந்தது அந்த மனிதரை உடைத்துவிட்டது. அன்று போனில் நடந்த பேச்சைப் பற்றி இருவருமே விவரமாகச் சொல்ல விரும்பவில்லை. அதன்பின் பத்து நாளுக்கு மேல் அவர் வீட்டுக்குப் பேசவில்லை.

பிரிட்டிஷ் நீர்மூழ்கி ரோந்துகளில் வீட்டிலிருந்து வாரம் ஒரு சிறு செய்திதான் போகும், பதில் அனுப்ப முடியாது. கெட்ட செய்தி ரோந்து முடியும்வரை நிறுத்திவைக்கப்படுவதும் உண்டு. கேட்கவே கடுமையான ஏற்பாடு. ஆனால் அது கிளம்பும் முன்பே இரு தரப்புக்கும் தெரிந்த விதி. இங்கே விதி எதுவும் இல்லாததால், ஒரு தாய் பதற்றத்தில் தனியாக எடுத்த முடிவு கணவருக்குத் துரோகமாகத் தெரிந்தது.

என்ஜின் அறையில் நடந்தது

கப்பலில் அப்போது 5 மணி நேரம் வாட்ச் (முறை வைத்து நிற்கும் பணி), 10 மணி நேரம் இடைவெளி என்ற முறை. அதாவது உடம்புக்கு ஒரு நாள் என்பது 15 மணி நேரம். இன்று நள்ளிரவு 12 மணிக்கு வாட்ச் ஏறினால் அடுத்தது பிற்பகல் 3 மணிக்கு, அதற்கடுத்தது மறுநாள் காலை 6 மணிக்கு. தூங்கும் நேரமும் அதோடு சேர்ந்து ஓடிக்கொண்டே இருக்கும். இடையில் கிடைக்கும் 10 மணி நேரமும் முழு ஓய்வு கிடையாது. பழுதுபார்ப்பு, பயிற்சி, சாப்பாடு, எழுத்து வேலை எல்லாம் அதற்குள்தான். அமெரிக்கக் கடற்படை முதுநிலைக் கல்லூரியில் நீட்டா ஷாட்டக் குழுவினர் கப்பல்களில் மாலுமிகளின் தூக்கத்தைப் பல ஆண்டுகள் அளந்து, தினமும் ஒரே நேரத்தில் வரும் வாட்ச் இதைவிட மேல் என்று காட்டியிருக்கிறார்கள். 17 மணி நேரம் தூங்காமல் இருப்பவரின் கையும் கவனமும், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவர் அளவுக்குத் தடுமாறும் என்று 1997-இல் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று சொன்னது. 2017-இல் யுஎஸ்எஸ் ஃபிட்ஸ்ஜெரால்டு விபத்தில் 7 பேரும், யுஎஸ்எஸ் ஜான் எஸ். மெக்கெய்ன் விபத்தில் 10 பேரும் இறந்தார்கள். இரண்டையும் விசாரித்தவர்கள் சொன்ன காரணங்களில் மாலுமிகளின் களைப்பும் உண்டு.

எட்டாவது மாதம் ஒரு விடியற்காலை வாட்சில் எரிபொருள் ஃபில்டரைச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. அது இரட்டை ஃபில்டர்: ஒரு பக்கம் ஓடும்போது மறு பக்கத்தை மூடி, அழுத்தத்தை வெளியேற்றிவிட்டுத்தான் மூடியைக் கழற்ற வேண்டும். இவர் நூறு தடவையாவது செய்திருப்பார். அன்று ஸ்பேனரை வைத்தது ஓடிக்கொண்டிருந்த பக்கத்தில். முதல் நட்டு தளர்ந்து, இரண்டாவதில் கை வைத்தபோது பக்கத்தில் நின்ற இளம் மாலுமி அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான். சீனியரின் கையைப் பிடிக்க அவனுக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்திருக்கும் என்பதை நான் இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். அழுத்தத்தில் இருக்கும் எரிபொருள் பீறிட்டுப் பக்கத்திலிருக்கும் சூடான புகைக்குழாயில் பட்டால் தீ பிடிப்பது நிச்சயம் என்றே சொல்லலாம்.

அவர் எதையும் மறைக்கவில்லை. வாட்ச் முடிந்ததும் தானே போய் அதிகாரியிடம் சொன்னார். மருத்துவ உதவியாளர் அவரோடு ஒரு மணி நேரம் பேசினார். எடை குறைந்திருந்தது; சிறு விஷயத்துக்கும் எரிந்து விழுந்தார்; வீட்டைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றினார். படுத்தாலும் தூக்கம் வருவதில்லை என்றார்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

கேப்டன், அடுத்த நிலை அதிகாரி, மருத்துவ உதவியாளர் மூவரும் கப்பலில் பேசினார்கள். செயற்கைக்கோள் தொலைபேசி வழியாக என்னிடமும் கேட்டார்கள். முன்னே மூன்று வழிகள் இருந்தன.

அடுத்த துறைமுகத்தில் இறக்கி வீட்டுக்கு விமானத்தில் அனுப்புவது ஒன்று. இதற்குத்தான் நான் முதலில் சாய்ந்தேன். எதிராகச் சொல்லப்பட்ட காரணங்களும் வலுவானவை. அந்த வேலைக்குத் தகுதிச் சான்று பெற்றவர்கள் கப்பலில் மூன்றே பேர். ஒருவர் போனால் மற்ற இருவரும் ஆளுக்கு 12 மணி நேரம் நிற்க வேண்டும். அதே தவறு அடுத்தவருக்கு நடக்கும். மகன் அப்போது முழுமையாகக் குணமாகியிருந்தான். 'மனசு சரியில்லாமல் திருப்பி அனுப்பப்பட்டவர்' என்ற பெயரோடு வீடு போவதைவிடக் கப்பலோடு சேர்ந்தே திரும்ப வேண்டும் என்று அவரும் சொன்னார். அவர் சொன்னதற்கு மதிப்புக் கொடுத்தோம். ஆனால் களைத்துப் போனவர் தன்னைப் பற்றிச் சொல்வதை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது என்பதால், தினமும் மருத்துவ உதவியாளர் பார்க்க வேண்டும், நிலைமை மோசமானால் அவரைக் கேட்காமலே இறக்கிவிட வேண்டும் என்று நிபந்தனை வைத்தோம்.

ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது இரண்டாவது வழி. கேப்டன் அதை உடனே ஒதுக்கிவிட்டார். தானாக வந்து தவறைச் சொன்னவரைத் தண்டித்தால், அடுத்த தவறு நடக்கும்போது யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்றார். இந்த நிகழ்வில் மிகச் சரியாக எடுக்கப்பட்ட முடிவு அதுதான் என்பது என் கருத்து.

மூன்றாவது வழிதான் நடைமுறைக்கு வந்தது. இரண்டு வாரம் அவருக்கு என்ஜின் வாட்ச் இல்லை. பகலில் எழுத்து வேலையும் பயிற்சி கொடுப்பதும் மட்டும், ராத்திரி எட்டு மணி நேரம் படுக்கை. அவர் வாட்சை என்ஜின் பிரிவு அதிகாரிகளே பகிர்ந்துகொண்டார்கள். அதன்பின் என்ஜின் அறை முழுவதையும் 4 மணி நேரம் வாட்ச், 8 மணி நேரம் இடைவெளி என்ற முறைக்கு மாற்றினார்கள். மூன்று குழுக்களை வைத்துக்கொண்டே இதைச் செய்ய முடியும், தினமும் அதே மணிக்கு வாட்ச் வரும். புதிய ஆள் ஒருவர்கூடத் தேவைப்படவில்லை.

கரையில் நான் மனைவியிடம் பேசினேன். இரண்டு பேரும் ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள்: பிள்ளைகளின் உடல்நிலை பற்றி எதுவாக இருந்தாலும் அன்றைக்கே சொல்வது, வாட்சுக்கு முன்னால் சொல்லாமல் வாட்ச் முடிந்த பிறகு, மருத்துவ உதவியாளருக்கும் தகவல் கொடுத்துவிட்டுச் சொல்வது. இந்த ஏற்பாடு மனைவிக்குப் பெரிய நிம்மதி கொடுத்தது. சொல்லலாமா வேண்டாமா என்று இனி அவர் மட்டும் முடிவெடுக்கத் தேவையில்லை.

மகனுக்காகக் கணவர் கப்பலில் இருந்தே படக்கதைகளைப் படித்துக் காணொளியாகப் பதிவுசெய்து அனுப்பினார். அமெரிக்காவில் 1989-இல் தொடங்கிய 'யுனைடட் த்ரூ ரீடிங்' என்ற அமைப்பு மாலுமிகளுக்கு இதைத்தான் செய்துகொடுக்கிறது. அதைத் தொடங்கியவர் கடற்படை மருத்துவர் ஒருவரின் மனைவி. பயணம் முடிந்து வந்த அப்பாவைக் குழந்தைக்கு அடையாளம் தெரியாமல் போனதுதான் அந்த அமைப்பு பிறக்கக் காரணம்.

திரும்பி வந்த பிறகு

கிளம்பி ஒன்பதரை மாதம் கழித்துக் கப்பல் கரை சேர்ந்தது. துறைமேடையில் மகன் அப்பாவைப் பார்த்ததும் அம்மாவின் கைப்பைக்குள் கையை விட்டுக் கைப்பேசியை எடுத்து, எதிரே நிற்பவரிடம் காட்டி "அப்பா" என்றான். அவர் தூக்கப் போனபோது அலறினான். அங்கிருந்த எல்லாரோடும் சேர்ந்து அவரும் சிரித்தார். அதைப் பற்றி என்னிடம் பேச அவருக்கு மூன்று மாதம் ஆனது.

முதல் வாரம் நன்றாகவே போனது. பெரும்பாலான வீடுகளில் அப்படித்தான். லோகன் சொல்லும் ஆறாவது நிலை, கணவன் மனைவி தங்கள் உறவை மறுபடி பேசித் தீர்த்துக்கொள்வது. அது மூன்றாவது வாரம் தொடங்கியது. காப்பீட்டுத் தவணையை ஏன் மாற்றினாய், மகளை ஏன் வேறு வகுப்பில் சேர்த்தாய் என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன் என்றார் அவர். மனைவி சொன்னது: "ஒன்பது மாசம் எல்லா முடிவையும் நான்தான் எடுத்தேன். அப்ப யாரும் கேட்கலை. இப்ப வந்து ஒவ்வொண்ணுக்கும் கணக்குக் கேட்டா எப்படி?" ஒரு நாள் கோபத்தில், நீங்கள் இல்லாதபோதே நிம்மதியாக இருந்தது என்றும் சொல்லிவிட்டார். சொன்னதும் பயந்துபோய் மறுநாள் காலையே என்னைப் பார்க்க வந்தார்.

மகள் இன்னும் ராத்திரி கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் பூட்டிட்டேன்மா" என்று அவர் சொன்னால், "தெரியும்ப்பா" என்பாள். ஆனாலும் எழுந்து போய் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படுப்பாள். அவருக்கும் வீட்டின் அமைதியில் தூக்கம் பிடிக்கவில்லை. என்ஜின் சத்தம் இல்லாவிட்டால் ஏதோ நின்றுபோன மாதிரி திடுக்கிட்டு எழுந்தார்.

நான் அவர்களுக்குச் சொன்னது எளிமையானதுதான். முதல் ஆறு வாரம் வீட்டில் நடக்கும் எந்த ஏற்பாட்டையும் அவர் மாற்றக் கூடாது. ஒரே ஒரு வேலையை மட்டும் முழுதாக எடுத்துக்கொள்ள வேண்டும். அவர் மகளைக் காலையில் பள்ளிக்குக் கூட்டிப்போவதைத் தேர்ந்தெடுத்தார். மகனைத் தூக்க முயல வேண்டாம், தரையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, கப்பலில் பதிவுசெய்த கதையைக் கைப்பேசியில் ஓடவிட்டு, கூடவே அதே வரிகளை வாயால் சொல்ல வேண்டும். சிறுவன் திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். நாலைந்து நாளில் கைப்பேசியை ஓரமாக வைத்துவிட்டு அவர் மடியில் ஏறிக்கொண்டான். கதவு விஷயத்தில் மகளைத் தடுக்க வேண்டாம் என்றேன். நான்கு மாதம் கழித்து அந்தப் பழக்கம் தானாக நின்றது.

விளைவு

கல்யாணம் நிலைத்தது. ஆறு மாதம் இருவரும் சேர்ந்து ஆலோசனைக்கு வந்தார்கள். கணவர் கரையில் வேலை கேட்டு வாங்கிக்கொண்டார். இப்போது என்ஜின் பயிற்சிப் பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறார். கடல் பணிக்காலம் குறைந்ததால் அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு தள்ளிப்போனது. கடலை விட்டு வந்தது அவருக்கு இன்னும் வலிக்கிறது; அந்த வேலையை அவர் விரும்பிச் செய்தவர். மனைவி கணக்கு வேலையை முழுநேரமாக்கிக்கொண்டார், வீட்டுச் செலவு முடிவுகள் அவரிடமே இருக்கின்றன.

கப்பலுக்கும் இழப்புதான். அதே பிரிவிலிருந்து இன்னும் இரண்டு பேர் ஒரு வருடத்துக்குள் வேலையை விட்டார்கள். அவர் கையைப் பிடித்து நிறுத்திய இளம் மாலுமிக்குத் தகுதிச் சான்றை அவசரமாகக் கொடுத்து, அவர் இருந்த இடத்தில் அமர்த்தினார்கள். ஆள் குறைந்தால் இருப்பவர்களின் பயணம் நீளும், நீண்டால் மேலும் ஆள் குறையும். வரவேற்பு வாத்தியமும் பூங்கொத்தும் இதைச் சரிசெய்யாது.

மாற வேண்டியவை

குடும்பங்களிடம் ஒரே ஒரு தேதியைச் சொல்வதை நிறுத்த வேண்டும். 'ஆறு முதல் ஒன்பது மாதம்' என்று வரம்பாகச் சொன்னால் யாருக்கும் பிடிக்காது, ஆனால் அது உண்மை. மாலுமிகளுக்கும் குடும்பங்களுக்கும் நீட்டிப்புச் செய்தி ஒரே மணி நேரத்தில் போய்ச் சேர வேண்டும். இணையத்தை மூடுவதற்குப் பாதுகாப்புக் காரணம் இருக்கலாம். மூடியிருக்கிறது என்று சொல்வதைத் தடுக்க அந்தக் காரணம் போதாது.

கெட்ட செய்தியை என்ன செய்வது என்பதைக் கிளம்பும் முன்பே கணவன் மனைவி பேசி எழுதிவைக்க வேண்டும். உயில் எழுதச் சொல்லும் அதே கூட்டத்தில் இதற்கும் ஒரு தாள் கொடுத்தால் போதும். பழகிய குடும்பங்களுக்கும் போன் போக வேண்டும், குறிப்பாகப் பிள்ளைகளின் எண்ணிக்கையோ வயதோ மாறியிருந்தால்.

எங்கள் வேலையில் பெரும்பகுதி கிளம்பும் முன்னும் திரும்பும் நாளிலும்தான் நடக்கிறது. இந்தக் குடும்பத்துக்கு மிக மோசமான காலம் திரும்பி வந்த மூன்றாவது வாரத்திலிருந்து மூன்றாவது மாதம் வரை. அந்த இடைவெளியில் குறைந்தது இரண்டு சந்திப்புகளாவது எல்லாருக்கும் கட்டாயமாக இருந்தால், தனியாக வந்து உதவி கேட்கும் கூச்சமும் இருக்காது.

நீட்டிப்பு நேரத்தில் 'அனுசரித்துப் போங்கள்' என்று குடும்பங்களிடம் சொல்வதை நான் விட்டுவிட்டேன். அவர்கள் அனுசரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆலோசகர் செய்யக்கூடியதற்கு ஓர் எல்லை உண்டு. பட்டறை அட்டவணையும் ஆள் எண்ணிக்கையும் சரியாகாதவரை இந்த நீட்டிப்புகள் நிற்கப்போவதில்லை. எங்கள் தளத்தில் இந்த நிகழ்வுக்குப் பிறகு கெட்ட செய்திக்கான தாள் நடைமுறைக்கு வந்துவிட்டது. அந்தக் கப்பலின் மற்றப் பிரிவுகளும் 4 மணி நேர வாட்சுக்கு மாறின. திரும்பிய பிறகு கட்டாயச் சந்திப்பு வைக்க வேண்டும் என்ற கோரிக்கைக்கு, தேவையான ஆலோசகர்கள் இல்லை என்ற பதில் வந்திருக்கிறது. கூடுதலாக இரண்டு பேரை நியமிக்கக் கேட்டு மறுபடி எழுதியிருக்கிறோம்.